இருபத்தேழின் உள்முனை

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து எழுதுகிறேன். பின்னால் யாராவது என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேட்டால் என்னிடம் தேதியோடு பதில் இருக்க வேண்டும்.

காலையில் ஆராய்ச்சி மையத்துக்குப் போய்க் கணினியைத் திறந்ததுமே பார்த்துவிட்டேன். வடக்கே இதே ஆராய்ச்சியைச் செய்யும் குழு தங்கள் கட்டுரையை இணையத்தில் ஏற்றிவிட்டது. இதழில் அச்சாக இன்னும் நாளாகும். ஆனால் ஏற்றிவிட்டால் முதலில் சொன்னவர்கள் அவர்கள்தான். எருமையின் பால்மடித் திசு. மூன்று வருடமாக நாங்கள் கோயம்புத்தூரில் செய்துகொண்டிருப்பது அதையேதான்.

இதைப் படிப்பவர் எங்கள் துறையாக இல்லாமல் இருக்கலாம் என்பதால் எழுதி வைக்கிறேன். செல்லுக்குள் ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அதுதான் தூது ஆர்.என்.ஏ. அந்த நகல் எந்த இடத்தில் முடிகிறது என்பது லேசான கேள்வி இல்லை. ஒரே மரபணுவின் நகல் மூளையில் ஓரிடத்தில் முடியும், மடியில் வேறிடத்தில் முடியும். முடியும் இடம் மாறினால் அது எத்தனை காலம் தாங்கும், எவ்வளவு புரதம் தரும் என்பதும் மாறும். முடிந்த இடத்தில் செல் ஒரு வால் ஒட்டுகிறது. ‘ஏ’ என்ற எழுத்து மட்டும் வரிசையாக வரும் வால். ஏ-வோடு ஒட்டிக்கொள்வது ‘டி’. ஆகவே டி எழுத்துகளால் ஒரு கொக்கி செய்து போடுவோம். அது வாலைப் பிடிக்கும். பிடித்த இடம் முனை.

அவர்கள் அட்டவணையில் எங்கள் இருபத்தேழாம் மரபணு இருக்கிறது (எண் எங்கள் வசதிக்கு நாங்கள் வைத்தது). அதற்கு இரண்டு முனைகள் போட்டிருக்கிறார்கள். வெளியே ஒன்று, சரியானது. உள்ளே ஒன்று.

அந்த உள்முனை பொய். அப்படி ஒரு முனை எந்த எருமைக்கும் இல்லை. அது இருந்த ஒரே இடம் எங்கள் மையத்தில் உள்ள ஒரு பழைய கோப்பு. அதைத் திறக்கக்கூடியவர்கள் மூன்று பேர்தான். தலைவர் மெஹருன்னிசா மேடம், நான், உதவித்தொகையில் வேலை பார்க்கும் ஜெபசிங்.

சாயங்காலம் சிறுவாணித் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் பிடித்து வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

நான் எதுவும் சொல்வதற்கு முன்பே ஜெபசிங் என் மேஜைக்கு வந்து, “அவங்க போட்டுட்டாங்க, பாத்தீங்களாக்கா?” என்றார். முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

உள்முனையின் கதையையும் எழுதிவிடுகிறேன்.

போன வருடம் அதைக் கண்டுபிடித்தது நான். பால் சுரக்கும் காலத்தில் மட்டும் இருபத்தேழின் நகல் குட்டையாக முடிகிறது என்று தெரிந்தது. கருத்தரங்கில் மரபணுவின் பெயரோ முனையின் இடமோ சொல்லாமல் பேசினேன், சிறந்த உரைக்கான பரிசு கொடுத்தார்கள். அதற்குப் பின் ஜெபசிங் ஆர்.என்.ஏ-வை நீளவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனையைச் செய்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. குட்டை நகல் இருந்தால் படத்தில் இரண்டு பட்டைகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிந்தது. மறுபடி செய்தார். அப்போதும் ஒன்று.

கொக்கி எங்கோ தவறாக மாட்டியிருக்கிறது, அந்த வாரத்து மருந்துகளில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, இருபத்தேழைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டோம். எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். ஆராய்ச்சியில் இதெல்லாம் சகஜம். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

ஜெபசிங்குக்கு அந்தக் கோப்பு நன்றாகத் தெரியும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

மாடி வீட்டுக்காரர்கள் மறுபடி மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள். கேட்டால் போடவே இல்லை என்கிறார் அந்த அம்மா. தொட்டி மட்டம் எனக்குத் தெரியாதா.

ஜெபசிங்குக்கு இப்போதெல்லாம் அடிக்கடி போன் வருகிறது. எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறார். இன்று நான் திசு வைக்கும் உறைபெட்டியின் சாவி கேட்கப் போனபோது மடிக்கணினியைச் சட்டென்று மூடினார். “சாவியாக்கா, இந்தாங்க” என்று நான் கேட்பதற்குள் கொடுத்தார். வேலை நேரத்தில் மூடி வைக்க வேண்டிய அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஜூன் 19, வியாழன்

மேடத்திடம் பேசினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. உள்முனையை மட்டும் காட்டினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்கள். “அவங்களும் கொக்கிதான் போடறாங்க, நாமளும் கொக்கிதான் போடறோம். ஒரே தப்பு ரெண்டு பேருக்கும் வரக்கூடாதா?”

“வரலாம் மேடம். நகலுக்கு நடுவுலயே ஏ வரிசையா இருந்தா, கொக்கி அதை வால்னு நெனச்சு மாட்டிக்கும். ஆனா அதுக்குத்தான் நாம சலிச்சு எடுக்கறோமே. ஜீனோம் வரிசைல முனைக்குப் பக்கத்துல தொடர்ச்சியா ஏ இருந்தா அதைத் தள்ளிடறோம். இருபத்தேழுல பாருங்க, நடுவுல வேற எழுத்து, ரெண்டு ஜி இருக்கு. நமக்கு அந்த வாரத்து மருந்துக் கோளாறுல மாட்டுச்சு. அவங்களுக்கு அங்க மாட்ட வாய்ப்பே இல்ல.”

திரையைக் காட்டினேன். எருமையின் மரபு எழுத்துகள் முழுவதும் வரிசையாக உள்ள, உலகம் முழுவதும் எல்லோரும் பயன்படுத்தும் ஜீனோம் அது. அதில் ஏ, ஏ, ஏ, ஜி, மறுபடி ஏ, மறுபடி ஜி என்று தெளிவாக இருந்தது.

மேடம் வெகுநேரம் பார்த்தார்கள். “அப்ப இது எப்படி அவங்க கைக்குப் போச்சு?”

“அதைத்தான் மேடம் நானும் கேட்கறேன்.”

ஜூன் 24, செவ்வாய்

கிடைத்தது. ஹைதராபாத்தில் இரண்டு வருடத்துக்கு முன் நடந்த பயிற்சி முகாமின் குழுப்படம். ஜெபசிங் இரண்டாவது வரிசையில் நிற்கிறார். அவர் தோளில் கை போட்டபடி நிற்பவர் அந்த வடக்குக் குழுவில் இருப்பவர். கட்டுரையில் மூன்றாவது பெயர் அவருடையது. படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன்.

மகள் நிலானிக்குப் பள்ளியில் சூரியக் குடும்பம் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தெர்மாகோல் வாங்க வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

என் கணவர் திருமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப் கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறவர், சாட்சியம் என்றால் என்ன என்று புரியும் என்று நினைத்தேன். சனி கிரகத்துக்கு வளையம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

“போட்டோவுல பக்கத்துல நின்னா திருடிக் குடுத்ததா ஆயிருமா?”

“போட்டோ மட்டும் இல்லீங்க. போன் பேசறது, கம்ப்யூட்டர மூடறது. அந்த முனை எங்க ஃபைல்ல மட்டும்தான் இருந்துச்சு.”

“உனக்கு அவன் மேல முன்னாடியே கோவம் இருந்துச்சில்ல?”

“எனக்கென்ன கோவம்?”

“அந்தப் பரிசைப் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டியே, அப்ப.”

பரிசை உள்ளே வைத்தது தூசிக்காக. இவருக்கு எதையும் எதோடாவது முடிச்சுப் போட்டே ஆக வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

மேடத்திடம் பெயரைச் சொன்னேன். படத்தையும் காட்டினேன். “நான் குற்றம் சாட்டல மேடம், விசாரிக்கணும்னு மட்டும் சொல்றேன்” என்றேன். மேடம் ரொம்பக் களைப்பாக இருந்தார்கள். நிதி கொடுத்தவர்கள், ஏன் முந்த விட்டீர்கள் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்களாம்.

ஜூலை 2, புதன்

மேடம் அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. “ஜெபசிங், இருபத்தேழாம் மரபணு பத்தி நம்ம பழைய ஃபைல்ல இருந்தத யார்கிட்டயாவது சொன்னியா, அனுப்புனியா?”

அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது காது வரை சிவந்தது. “இல்ல மேடம்.”

“அந்தக் குழுவுல உனக்கு ஆள் தெரியும்.”

“தெரியும் மேடம். முகாம்ல ஒரே ரூமு. பொறந்தநாளுக்கு மெசேஜ் போடுவான். அவ்ளோதான்.”

“போனை மாடிப்படிக்கு எடுத்துட்டுப் போறியாம்.”

அவர் மேடத்தைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். இங்கே வந்த பிறகு அவர் பேச்சில் ஊர் வாடை அவ்வளவாகத் தெரியாது. இன்று தெரிந்தது.

“கோகிலாக்கா, நீங்களும் அப்படித்தான் நெனைக்கியளா?”

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மேடம் ஒரு நாட்காட்டித் தாளை வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை முடியும்வரை அவர் கோப்புகளைத் திறக்க முடியாது. உதவித்தொகை நீட்டிப்பும் அதுவரை நிற்கும். வெளியே வந்ததும் தன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

என் வேலை கேள்வி கேட்பது. பதில் சொல்ல வேண்டியது அவர்.

ஜூலை 9, புதன்

திரவ நைட்ரஜன் நிரப்புவது ஜெபசிங் வேலை. இப்போது நான் செய்கிறேன். கையுறை அவர் அளவு, என் கைக்குப் பெரிது. அவர் திசுக்களை ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு குப்பியிலும் மாட்டின் எண், கன்று போட்ட தேதி, மடியின் எந்தப் பக்கம், எல்லாம் இருக்கிறது.

இப்போது மையத்தில் நிம்மதியாக இருக்கிறது. தூக்கம்தான் சரியில்லை. வெயில்.

ஜூலை 15, செவ்வாய்

ஜெபசிங் ஊருக்குப் போய்விட்டார். நீட்டிப்பில் கையெழுத்து விழவில்லை, காலம் முடிந்துவிட்டது. தூத்துக்குடியில் ஒரு நீட் பயிற்சி மையத்தில் உயிரியல் எடுக்கிறாராம். அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நல்லதுதான். சொல்லிக்கொடுக்க வரும் அவருக்கு.

விசாரணையில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அனுப்பியவர் தடயம் வைத்துவிட்டா அனுப்புவார்?

ஜூலை 22, செவ்வாய்

தலைவலி. மதியமே வந்துவிட்டேன். இருபத்தேழில் உள்முனை இருக்கிறது.

ஜூலை 23, புதன்

நேற்று சரியாக எழுதவில்லை.

எங்கள் கட்டுரையை மாற்றி எழுத மேடம் சொல்லியிருந்தார்கள். வடக்குக் குழு சொல்லாத எதையாவது நாம் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று வேறொரு நாட்டில் எருமைகளை வைத்து எடுத்த பழைய தரவை இறக்கினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளப் பொதுவில் வைத்திருப்பது. நாங்கள் இந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதை வைத்துவிட்டார்கள். அப்போது ஜெபசிங் இங்கே சேரவே இல்லை.

அதில் இருபத்தேழாம் மரபணுவுக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. உள்முனை அதே இடத்தில் நிற்கிறது.

என் நிரல் தவறாக இருக்கலாம். எங்கள் தரவும் அவர்கள் தரவும் கலந்திருக்கலாம். ஒரே ஒரு தரவை வைத்து எதையும் சொல்ல முடியாது. சரிபார்க்கும்வரை யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

ஜூலை 28, திங்கள்

கலக்கவில்லை. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

எங்கள் பண்ணை எருமைகளின் டி.என்.ஏ-விலிருந்து அந்தச் சிறு பகுதியை மட்டும் எடுத்து, எழுத்து எழுத்தாகப் படிக்க அனுப்பியிருக்கிறேன். இதுவரை யாரும் மாட்டைப் படிக்கவில்லை. எல்லோரும் பொது ஜீனோமைத்தான் படித்தோம்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியே போகவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு, நிலானியின் பாவாடைக் கொக்கி ஒன்று உள்ளே மாட்டியிருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

முடிவு வந்தது.

பொது ஜீனோமில் இரண்டு ஜி இருக்கும் இடத்தில் எங்கள் எருமைகளுக்கு ஜி இல்லை. ஏ-தான் இருக்கிறது. அனுப்பிய எல்லா மாடுகளிலும். நடுவில் எந்தத் தடையும் இல்லாமல் ஏ ஓடுகிறது. பொது ஜீனோமுக்காகப் படித்த அந்த ஒரு மாடு அப்படி இருந்திருக்கலாம், அல்லது படித்தவர்கள் அங்கே தவறாகப் படித்திருக்கலாம். எப்படி இருந்தாலும் நகலின் நடுவே ஒரு பொய்வால் இருக்கிறது. டி-கொக்கி யார் போட்டாலும் அங்கே மாட்டும். நாங்கள் போட்டோம், மாட்டியது. அவர்கள் போட்டார்கள், மாட்டியது. அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கும் மாட்டியது. பிறகு எல்லோரும் ஒரே தப்பான ஜீனோமில் வைத்துப் பார்த்து, இங்கே ஏ வரிசை இல்லை, ஆகவே இது உண்மை முனை என்று விட்டுவிட்டோம்.

யாரும் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேடம் டெல்லியில் இருக்கிறார்கள். போனில் சொல்கிற விஷயம் இல்லை இது.

நிலானிக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேடம் நேற்றே வந்துவிட்டார்கள். இன்று மையத்தில் கூட்டம் இருந்தது, தனியாகப் பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தனியாகத்தான் இருந்தார்கள். கதவு வரை போனேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேடம் முடிவுகளைத் தாளில் அச்செடுத்து வரச் சொன்னார்கள். பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஏ-வாகத் தொட்டுக்கொண்டே போனார்கள். ஜி இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் நின்றது.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“இது வந்தது ரெண்டாம் தேதி. அந்த வெளிநாட்டுத் தரவு... ஜூலைலயே.”

மேடம் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“நான்தான் மொதல்ல கேட்டேன், ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு வரக்கூடாதான்னு. நீ இல்லன்னு சொன்ன. நான் மாட்டைப் படிச்சுப் பாருன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன் சொல்லலன்னு யோசிக்கறேன். நாம தோத்ததுக்கு ஒரு திருடன் இருந்தா எனக்கு வசதியா இருந்துச்சு, கோகிலா. நிதி குடுத்தவங்களுக்கும் அதைத்தான் எழுதுனேன்.”

மேடம் பென்சிலைத் தாளின் மேல் வைத்தார்கள்.

“அவன் அந்தச் சோதனைப் படத்தைக் கொண்டுவந்து காமிச்ச அன்னிக்கு நீ வீட்டுக்குப் போயிட்ட. ரெண்டு நாள் வரல. அப்பவே உன்னைக் கூப்பிட்டுப் பேசியிருக்கணும்.”

இரண்டு நாள் என்பது மேடத்தின் ஞாபகம். எனக்கு அப்போது உடம்பு சரியில்லை.

மேடம் ஜெபசிங்குக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்கள். நீட்டிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்கலாம், ஆறு வாரமாவது ஆகும். “தபால்ல அனுப்பறது சரியில்ல. நீ கொண்டு போய்க் குடு” என்றார்கள். அது உத்தரவா வேண்டுகோளா என்று தெரியவில்லை. சரி என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

தூத்துக்குடியிலிருந்து திரும்பும் பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

பயிற்சி மையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெபசிங் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மார்க்கரின் மூடியை மாட்டினார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

“வாங்கக்கா. எப்ப வந்தீங்க, சாப்டீங்களா?” என்றார். கோயம்புத்தூரில் தினமும் கேட்கிற அதே மாதிரி.

கீழே டீக்கடையில் உட்கார்ந்தோம். பேருந்தில் வரும்போது நிறையச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.  முதலில் தாள்களை எடுத்து வைத்தேன்.

அவர் குனிந்து படித்தார். டீயில் ஆடை கட்டியது.

“ஜி ரெண்டுமே இல்லியா?”

“இல்ல.”

“எத்தன மாட்டுல பாத்தீங்க?”

“உறைபெட்டில நீங்க வெச்சிருந்த எல்லாத்துலயும்.”

அடுத்து வெளிநாட்டுத் தரவைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். திரும்பவும் முதல் தாளுக்குப் போனார். பார்த்துக்கொண்டே இருந்தவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை.

“ஜெபசிங், நான் சொன்னது தப்பு. உங்க பேரைச் சொன்னது நான்தான்.”

“தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும்.” தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். “நான் ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கட்டுரை வந்த அன்னைலேர்ந்து நான் சந்தேகப்பட்டது உங்களத்தான்.”

“என்னையா?”

“வேற யாரு? அது உங்க முனை. நீங்க கண்டுபிடிச்சது, பரிசு வாங்குனது. நான் சோதனை பண்ணி இல்லன்னு ஆக்கிட்டேன். உங்களுக்கு எம்புட்டு வருத்தம்னு எனக்குத் தெரியும். நம்ம கட்டுரைல வராட்டி என்ன, வேற எடத்துலயாவது வரட்டும்னு நீங்களே குடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். மறுநாள் உங்க கிட்ட வந்து பாத்தீங்களான்னு கேட்டேம்லா, அது உங்க மொகத்தப் பாக்கத்தான்.”

டீ கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

“மேடம்கிட்ட ஏன் சொல்லல? அன்னிக்கு அந்த ரூம்ல கூட...”

“என்னத்த சொல்ல? ஆதாரம் இல்லியே. நெனப்புதானே. நெனப்ப வச்சு ஒருத்தர் பேர எப்படிச் சொல்லுதது?”

அவர் குரல் உயரவில்லை. பக்கத்து மேஜையில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.  அந்த போன், மாடிப்படி, மூடிய கணினி எல்லாம் ஞாபகம் வந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

“கல்யாணப் பேச்சுக்கா” என்றார். “பொண்ணு மதுர. பேசிக்கிட்டு இருந்தோம். எல்லாரும் இருக்க எடத்துல எப்படிப் பேச? படம் அனுப்பியிருந்துச்சு, அதப் பாத்துக்கிட்டு இருந்தா நீங்க வந்து நிக்கீங்க.”

“இப்ப...?”

“நிறுத்தி வச்சிருக்காங்க. வேலைய ஏன் விட்டேன்னு அவங்க அப்பா கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல.”

 மேடத்தின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மையத்தின் தலைப்பு அச்சிட்ட தாள், கையெழுத்து, முத்திரை. அவர் நிதானமாகப் படித்தார்.

“‘தவறான புரிதல் ஏற்பட்டதால்’ன்னு இருக்கு. யாரு புரிஞ்சுக்கிட்டான்னு இல்லியே.”

“அலுவலகக் கடிதம்...”

“அது சரிதான். ஆனா இத பொண்ணோட அப்பா கிட்ட காமிச்சா, அப்ப நீ என்னமோ செஞ்சிருக்க, மூடி மறைச்சு எழுதிக் குடுத்திருக்காங்கன்னுதான் நெனப்பாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்.”

என் பையில் பேனா இருந்தது. கடிதத்தை வாங்கிக் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். எருமை மரபணு பற்றிய தகவலை ஜெபசிங் வெளியே கொடுத்ததாகச் சந்தேகம் எழுப்பியது நான். அந்தச் சந்தேகம் பொய் என்பதை நானே சோதனை செய்து கண்டேன். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. இரா. கோகிலவாணி, முதுநிலை ஆராய்ச்சியாளர். தேதி போட்டேன். இதற்கு முன் என் பெயரை அத்தனை மெதுவாக எழுதியதில்லை.

அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இப்படிக் கையால எழுதுனது செல்லாதுக்கா. மேடம் கிட்ட காமிச்சு இதையும் சேத்து அச்சடிச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு அனுப்பிருங்க.”

“திரும்ப வருவீங்களா?”

“பிள்ளைங்களுக்கு மே மாசம் பரீட்சை. பாதில விட்டுட்டு வர முடியாது. பாக்கலாம்.”

டீக்கு நான் கொடுக்கப் போனேன், அவர் முந்திக் கொடுத்துவிட்டார். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று மாடிப்படி ஏறினார். பாதியில் நிற்பார், ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த வார்த்தையை அங்கே சொன்னேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதமாக அவர் மனதில் நான் திருடியாக இருந்திருக்கிறேன். அப்போதும் சாவி கேட்கப் போனால் எடுத்துக் கொடுத்திருக்கிறார், அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கடிதத்தைப் புதிதாக அடித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். மேடம் நிதி கொடுத்தவர்களுக்கும் ஒரு நகல் அனுப்பினார்கள். வடக்குக் குழுவுக்கும் எழுதிவிட்டேன், இருபத்தேழைத் திருத்திக்கொள்ளச் சொல்லி.

காலைக் கூட்டத்தில் நானே எழுந்து எல்லோருக்கும் சொன்னேன். எருமையின் எழுத்துகளைத் திரையில் காட்டினேன். ஏ எங்கே ஓடுகிறது, கொக்கி எப்படி மாட்டியது என்று விளக்கினேன். ஜெபசிங் பெயரைச் சொன்னது நான்தான் என்பதையும் அதே குரலில் சொல்ல முயன்றேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. வழக்கமாக நிறையக் கேட்பார்கள்.

மதியம் சாப்பாட்டு அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சிரித்துப் பேசுவது வெளி வராந்தா வரை கேட்டது. நான் போய் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். இன்னொருவர் ஊறுகாய் வேண்டுமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். என்னிடம் பேசினால் எது எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. கத்திரிக்காய் சாதம். முழுவதும் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.